ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்

அந்த வீட்டில் ஒருத்தியைத் தண்ணீர் குடி, குடி என்று விரட்ட வேண்டும். ஒருத்தனைக் குடிக்காதே, குடிக்காதே என்று காவல் காக்க வேண்டும். விரட்ட வேண்டியது மகள் பெனிட்டாவை. காவல் காக்க வேண்டியது புருஷன் பால்ராஜை. நடுவில் மாட்டிக்கொண்டு எலிசபெத் பட்ட பாடு இருக்கிறதே, அது பகையாளிக்கும் வரக்கூடாது.

பெனிட்டா ஓடுகிறவள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகிற ஓட்டம் இல்லை. வெயில் ஏற ஏற ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய மாரத்தான் ஓட்டம். இருட்டு பிரியும் முன்னே கோட்டைக்குப்பத்திலிருந்து கிளம்பி, பழவேற்காடு பஜாரைத் தாண்டி, திருப்பாலைவனம் வரைக்கும் ஓடிப் போய்த் திரும்பி வருவாள். பொன்னேரியில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கிற கோச் பூபதி, ஓட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவளை எடை போட்டுப் பார்ப்பார். குறைந்ததெல்லாம் வேர்வையாய்ப் போன தண்ணீராம், அதைத் திருப்பி உள்ளே அனுப்பணுமாம். "தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டும்மா. அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு வாயா குடிச்சிக்கினே ஓடு. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை போட்டுக்கோ" என்று தலைதலையாய் அடித்துக்கொள்வார். கேட்டால்தானே! ஓட ஆரம்பித்துவிட்டால் அவளுக்குத் தண்ணீர் ஞாபகமே வராது. அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறது, வேறென்ன.

பால்ராஜும் அப்படித்தான் இருந்தான். போட்டில் கேன் நிறையத் தண்ணீர் இருக்கும், தொட மாட்டான். வலை இழுக்கிற நேரத்தில் எவன்யா தண்ணி குடிப்பான் என்பான். இடுப்பு வலித்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் கடலுக்குப் போவான். பிரஷர் எகிறியிருந்ததும் தெரியாது. ஒருநாள் முகமும் காலும் வீங்கி வந்து படுத்தான். ரெண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அன்றையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஹாமித்தின் ஆட்டோவில் பொன்னேரிக்குப் போய் டயாலிசிஸ். குடிக்க வேண்டிய காலத்தில் குடிக்காத மனுஷன், இனிமேல் குடித்தால் ஆபத்து என்று ஆகிவிட்டது. "மூத்திரம் போகல இல்ல, குடிக்கிறது அத்தனையும் உள்ளேயே தங்கிடும். நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னா மூச்சு விட முடியாது" என்று அங்கே இருந்த நர்ஸ் எலிசபெத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் பாட்டில் வந்தது. சென்னையில் நடந்த பாதி மாரத்தானில் பெனிட்டா மூன்றாவதாக வந்தாள். மெடலோடு ஒரு ஸ்டீல் பாட்டிலும் கொடுத்தார்கள். நீலக் கலர், கெட்டியான மூடி. காலையில் ஐஸ் போட்டு மூடினால் ராத்திரி வரைக்கும் கரையாதாம். பால்ராஜ் அதைத் தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான்.

"இத்தப் பெருசா செஞ்சி உங்கம்மாக்கு மீன் பெட்டியாக் குடுத்திருக்கலாம்" என்றான்.

"இது உனக்கு நைனா" என்றாள் பெனிட்டா. "டாக்டர் சொன்ன அளவு கரெக்டா இதுதான். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில். பாதி தண்ணி, பாதி ஐஸ் போட்டு வெச்சிட்டுப் போறேன். சில்லுனு இருந்தா கொஞ்சத்துலயே தாகம் அடங்கும். இதுக்கு மேல கேக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

"ஓடுறவ நீ. பாட்டிலு எனக்கா? எனக்கு இன்னாமே ஓட்டம், கொல்லைக்கும் வாசலுக்குமா?"

"எனக்கு பிளாஸ்டிக் பாட்டிலே போதும்."

 பால்ராஜ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். மகள் ஜெயித்துக் கொண்டுவந்ததில் தனக்கு எழுதி வைத்திருப்பது இதுதானா என்று நினைத்தானோ என்னவோ. எலிசபெத்துக்கு மட்டும் மனசு நிறைந்துபோனது. இந்தப் பாட்டில் இருக்கிற வரைக்கும் இந்த மனுஷன் இருப்பான் என்று தோன்றியது. ஏசப்பா, இவன் இருக்கணும், அது போதும் என்று அன்றைக்கு ஜெபம் பண்ணினாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

பாட்டில் காலி ஆவதற்கு மத்தியானம்கூட ஆகவில்லை. எலிசபெத் பஜாரில் மீன் விற்றுவிட்டு வரும்போது பால்ராஜ் வேப்பமர நிழலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உதடு வெடித்திருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே குழறும். பெருங்குரலெடுத்துக் கரையிலிருந்து போட்டுக்காரர்களை அதட்டினவன், மூடியைத் திறந்து உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பான். அதைப் பார்க்கச் சகிக்குமா, சொல்லுங்கள்!

"எலிசா, ஒரு வாய்மே. ஒரே ஒரு வாய்."

"சாவுறதுன்னா சாவு, போ. எங்கையால தண்ணி குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுவாள். ஒருநாள் அழுதுகொண்டே மீன் பெட்டியை இறக்கினாள். மறுநாளைக்கு வாங்கி வைத்த ஐஸ் பார் கோணிக்குள் புகைந்துகொண்டிருந்தது. சுத்தியலை எடுத்து உடைத்தாள். நடுவிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு துண்டை எடுத்து, கழுவி, அவன் வாயில் வைத்தாள். பால்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான். கன்னம் உப்ப அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டினான். ஓரத்தில் வழிந்ததை விரலால் துடைத்து நக்கினான். அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கல்யாணம் கட்டின புதிதில் பார்த்த முகம் அது.

ஐஸ் தண்ணீர் இல்லையா என்று கேட்காதீர்கள். படித்தவர்களுக்கு அது தண்ணீர். எலிசபெத்துக்குத் தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பது, குழாயடியில் சண்டை போட்டுப் பிடிப்பது. ஐஸ் என்பது மீனுக்குப் போடுகிற சாமான். பார் கணக்கில் வாங்குவது, கோணியில் சுற்றி வைப்பது, உடைத்துக் கொட்டுவது. மீனைப் பிடித்து வைக்கும், கெடாமல் காக்கும். மீனைக் காப்பாற்றுவது மனுஷனுக்குக் கெடுதல் பண்ணுமா? அவள் யாரையும் ஏமாற்றவில்லை. நர்ஸ் தண்ணீர் கூடாது என்றாள், இவள் தண்ணீர் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்றையிலிருந்து பாட்டில் காலியானதும் எலிசபெத் ஐஸை உடைத்து அதிலேயே போட்டு வைத்தாள். வெளியில் இருந்து பார்த்தால் ஸ்டீல்தானே தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சாயங்காலம் பெனிட்டா வந்து பாட்டிலை ஆட்டிப் பார்ப்பாள். கலகலவென்று சத்தம் வரும்.

"இன்னும் மிச்சம் கீதே! நைனா, நீ கில்லாடி. எங்க கோச்சு கிட்டயே சொல்லிட்டேன், எங்க நைனாவோட கன்ட்ரோல் எனக்கு வராதுன்னு."

பால்ராஜ் எலிசபெத்தைப் பார்த்துக் கண்ணடிப்பான். பெண் சந்தோஷப்படுகிறாளே, அதை ஏன் கெடுப்பானேன் என்று எலிசபெத்தும் வாயை மூடிக்கொண்டாள். ஐஸ் கொடுத்ததைப் போய்ப் பெரிய விஷயமாகச் சொல்லணுமா என்றும் நினைத்தாள். பாவி, அப்பவே மகளிடம் சொல்லியிருக்கலாம்.

பொன்னேரியில் எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நர்ஸ் கோபித்துக்கொண்டாள்.

"தண்ணி ஜாஸ்தி குடிக்கிறாரும்மா."

"மாதா சத்தியமா இல்ல சிஸ்டர். ஒரு பாட்டில்தான்."

"டீ? மோர்? இளநீ? குழம்பை அள்ளி ஊத்திக்கிறாரா?"

"ஐயோ, எதுவுமே இல்ல சிஸ்டர்."

நர்ஸ் என்னென்னவோ கேட்டாள். ஐஸைக் கேட்கத் தோன்றவில்லை, பாவம். அவள் வீட்டில் ஐஸ் இருந்தால் பிரிட்ஜில் ஒரு தட்டில் இருக்கும். கோணி கோணியாய் வாசலில் கிடக்கிற வீட்டை அவள் எங்கே கண்டாள்?

மாசி முடிகிற சமயம் பொன்னேரியில் மாரத்தான் என்று பேனர் கட்டினார்கள். பொன்னேரியில் கிளம்பி, பழவேற்காடு வந்து, அதே ரோட்டில் திரும்பிப் பொன்னேரி போய்ச் சேர வேண்டும். பெனிட்டாவுக்கு முதல் முழு மாரத்தான். அதுவும் சொந்த ரோட்டில். பால்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

"திருப்பாலைவனம் பஸ் ஸ்டாப்பாண்ட நான் நிப்பேன். திரும்பி வர்றச்சே வெயில் ஏறிடும். நான்தான் தண்ணி குடுப்பேன். இந்தப் பாட்டில்லதான் குடுப்பேன்" என்றான். தினமும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டிப் பழகினான். "ஓடுற போட்டுக்குக் கயிறு வீசுனவன்டி நான். ஒரு சொட்டு சிந்தாம குடுப்பேன் பாரு" என்று பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸில் எல்லாத் தண்ணீரையும் எடுக்க முடியவில்லை. நாளைக்கும் ஒருதடவை கண்டிப்பாக வரணும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். ஆட்டோவில் ஏறியதும் பால்ராஜ் எலிசபெத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு வந்தா அடிச்சிப் போட்டாப்ல ஆயிடும்மே. ஞாயித்துக்கெழம எழுந்து நிக்க முடியாது. ஒரே ஒரு நாளு. திங்கக்கெழம வந்துடலாம்."

"யோவ், அந்தம்மா அவ்ளோ சொல்லுது."

"எலிசா, எம்மவ ஓடுறத நான் பாத்ததே இல்லமே. கடல்லயே கெடந்துட்டேன்."

அதைச் சொன்ன பிறகு அவள் என்ன செய்வாள்? சரி என்றாள். சனிக்கிழமை நல்ல புழுக்கம். பெனிட்டா பொன்னேரியில் கோச் வீட்டில் தங்கப் போய்விட்டாள். பால்ராஜ் தாகம், தாகம் என்று துடித்தான். டயாலிசிஸ் போகாத குற்றத்துக்கு, இதையாவது கொடுப்போம் என்று எலிசபெத் கேட்ட போதெல்லாம் ஐஸ் உடைத்துக் கொடுத்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவன் சுவரில் சாய்ந்தே தூங்கினான். விடியற்காலையில் பார்த்தால் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது.

"வேணாய்யா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"போலாம். புள்ளைக்குத் தண்ணி குடுத்துட்டுப் போலாம்."

ஹாமித் ஆட்டோவைத் திருப்பாலைவனத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். முதலில் பெனிட்டா பழவேற்காட்டுப் பக்கம் போகும்போது சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போனாள். பால்ராஜ் "அதோ, அதோ எம்பொண்ணு" என்று ரோட்டில் நின்றவனிடமெல்லாம் சொன்னான். சொல்லும்போதே இருமல் வந்தது. வெயில் ஏறியது. ஆட்டோவில் உட்கார் என்றால் கேட்கவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்றான். நெஞ்சுக்கு இதமாக இருக்கட்டும் என்று எலிசபெத் கொண்டுவந்த டப்பாவிலிருந்து அவனுக்கு இன்னும் ரெண்டு துண்டு ஐஸ் கொடுத்தாள்.

திரும்பி வந்த பெனிட்டா வேறு பெனிட்டாவாக இருந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கண் எங்கேயோ பார்த்தது. கால் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. தண்ணீர் டேபிளைத் தாண்டி, எதையும் எடுக்காமல் வந்தாள். பால்ராஜ் ரோட்டுக்குள் ரெண்டு அடி வைத்துப் பாட்டிலை நீட்டினான்.

"பெனிட்டா! குடிம்மா! குடிச்சிட்டு ஓடு!"

அந்தக் குரலுக்கு அவள் விழித்துக்கொண்டாள். பாட்டிலைக் கையில் வாங்கி, நின்று, எலுமிச்சை உப்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள். கழுத்தில் வழிந்தது. பால்ராஜ் அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குடித்தது இவனுக்கு இறங்கியது.

"போதும் நைனா. நீ நிழல்ல போய் உக்காரு. இத்த நான் எடுத்துனு போறேன்."

பாட்டிலோடு ஓடினாள். கால் இப்போது தரையில் நன்றாகப் பாவியது. பால்ராஜ் சிரித்தபடியே எலிசபெத்தைத் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்தான். வாயில் நுரை வந்தது. காற்றுக்காக வாயைத் திறந்து திறந்து மூடினான்.

எலிசபெத்துக்கு அலறல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சேலையை வாயில் திணித்துக்கொண்டாள். கத்தினால் பெண் திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் நிற்பாள். அவனே கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினான். ஹாமித் ஓடிவந்து அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டான்.

பொன்னேரிக்கு வேறு ரோடு ஏது? பெனிட்டா ஓடுகிற ரோட்டில்தான் போகணும். எலிசபெத் ஆட்டோவின் பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டாள். "அக்கா, முன்னாடி போவுது" என்றான் ஹாமித், ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி ஓட்டிக்கொண்டே. பால்ராஜ் படுதாவைத் தொட்டான். எலிசபெத் ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிக் காட்டினாள். அவன் பார்த்தான்.

"நல்லா... ஓடுதுமே" என்றான்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டார்கள். டயாலிசிஸ் மிஷினுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லி டாக்டரம்மா ஆளை விரட்டினாள். சின்ன வயசுப் பெண்தான்.

"என்னம்மா குடிச்சார் இவ்வளவு?"

"ஒரு பாட்டிலுக்கு மேல ஒரு சொட்டு குடுக்கலம்மா. வெறும் ஐஸ்தான்."

"ஐஸா? எவ்வளவு?"

எலிசபெத் ரெண்டு கையையும் சேர்த்து அள்ளிக் காட்டினாள். மீன் பெட்டியில் அள்ளிக் கொட்டுகிற கை அது. ஒரு தடவை காட்டினாள், மறுபடியும் காட்டினாள்.

"தினமும் இவ்வளவா?" டாக்டரம்மா கோபப்படவில்லை. "அதுவும் தண்ணிதானேம்மா."

அவ்வளவுதான் சொன்னாள்.  சாயங்காலம் சாயங்காலம் மீன் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினவள் எலிசபெத்தான். ஐஸ் கரைந்து கால் நனைய வாசல் முழுக்க ஓடும். அதைப் பார்க்காத நாள் உண்டா? கண்ணால் பார்த்தாள், காலால் மிதித்தாள். அது தண்ணீர் என்று ஒருநாள், ஒரே ஒருநாள் அவளுக்குத் தோன்றவில்லையே! எங்கையால தண்ணி குடுக்க மாட்டேன் என்று சொன்ன கை, கை நிறைய நிறைய அள்ளிக் கொடுத்திருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை வரவில்லை.

பால்ராஜ் மாஸ்க்கை விலக்கினான்.

"எலிசா. ஒரு துண்டு... ஐஸு."

"வேணாய்யா."

"ஒரே துண்டுமே."

"வேணாம். உங்காலுல உழுறேன், வேணாம்."

அவன் வாயைத் திறந்து காட்டினான். நாக்கு வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. எலிசபெத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்போம், இப்போதாவது இவனைக் காப்பாற்றுவோம் என்றுதான் திருப்பிக்கொண்டாள். மிஷினை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அது பக்கத்தில் வருவதற்குள் அவன் மூச்சு அடங்கிவிட்டது.

பெனிட்டாவை ஹாமித்தான் கூட்டிக்கொண்டு வந்தான். கழுத்தில் மெடல் தொங்கியது. காலைத் தரையில் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரோ தண்ணீர் நீட்டினார்கள், தள்ளிவிட்டாள். நைனாவின் வீங்கின காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, கண்ணீர் அவ்வளவாக வரவில்லை. உடம்பில் மிச்சம் இருந்தால்தானே.

எலிசபெத் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறைக்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

"நான்தாண்டி கொன்னுட்டேன். பாட்டிலு தீந்ததும் ஐஸு ஒடச்சிக் குடுத்தேன். தெனமும் குடுத்தேன். கேட்டப்பல்லாம் குடுத்தேன். அது தண்ணின்னு எனக்குத் தோணவே இல்லடி."

பெனிட்டா அந்தக் காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எலிசபெத் காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. பெண் தலையைத் தூக்கினாள். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளையாய் எதையோ கேட்கிற முகம்.

"அப்போ, கடைசில நைனாவுக்குத் தாகமா இருந்திருக்காது. இல்லம்மா?"

எலிசபெத் மகளின் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள், தன் முகம் அவளுக்குத் தெரியாமல்.

"இல்ல கண்ணு" என்றாள். "தாகமே இல்லாமதான் போனாரு."